நாற்பத்தேழாம் நம்பர் அரிவாள்

ஜூன் 7, சனி

இன்னைக்கும் மீனலோசினி டீச்சரோட சண்டை. துருவுக்காக.

சனிக்கிழமையானா லேத் பட்டறையைப் பூட்டிட்டு அந்தப் பழைய சத்திரத்துக்குப் போறது எனக்கு என்ன தலையெழுத்தா? யாரும் கூப்பிடல, நானாத்தான் போனேன். சுத்துப்பட்டு ஊர்களில் மூலையில் கிடக்கிற பழைய சாமான்களைச் சேர்த்து அங்கே ஒரு சின்ன மியூசியம் ஆக்கணும்னு டீச்சர் ஆரம்பிச்ச வேலை. பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் எடுக்கிறவங்க. கடையநல்லூர் மைதீன் பாட்சா பாய் வந்த சாமானை எல்லாம் நோட்டில் எழுதி நம்பர் ஒட்டுவார். சவூதியில் இருபது வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்த மனுஷன், கையெழுத்து அச்சடிச்ச மாதிரி. இரும்பும் பித்தளையும் என் பொறுப்பு.

இன்னைக்கு நாற்பத்தேழாம் நம்பர் மேஜைக்கு வந்தது. ஆனையூரணி சுடலைமாடன் கோவில் வெட்டரிவாள். மூணடி நீளம், பனங்கட்டைப் பிடி. கோவிலை இடிச்சுக் கட்டுறதால் ஊர்க்காரங்க தை மாசமே இங்கே கொடுத்து வச்சிருக்காங்க. கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வந்து வாங்கிட்டுப் போய்த் திரும்பத் தருவாங்க. அங்கே சாமியாடுறவன் என் மச்சினன் பேச்சிராஜ், என் பொஞ்சாதி பொன்மணியோட தம்பி. சாமி இறங்கினதும் இந்த அரிவாளைத் தூக்கி நெஞ்சில் மூணு தடவை வெட்டிக்கிடுவான். ஒரு கீறல் விழாது. கல்யாணமான நாளிலிருந்து வருஷா வருஷம் கூட்டத்தில் நின்னு பாத்துக் கன்னத்தில் போட்டிருக்கேன்.

பக்கத்தில் வச்சுப் பாத்தது இன்னைக்குத்தான். உடம்பெல்லாம் துரு. உப்புத்தாளைக் கையில் எடுத்தேன், டீச்சர் ஓடி வந்துட்டாங்க. "அண்ணாச்சி, தூசி தட்டி எண்ணெய்த் துணியால தொடைங்க, போதும். துருவுல கை வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லுதது?"

முப்பது வருஷமா இரும்போட கிடக்கேன். எனக்கு இரும்பைப் பத்திச் சொல்லித்தர வந்துட்டாங்க.

ஜூன் 9, திங்கள்

அரிவாளை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு அடிக்கணும்னு சொல்லி, பாய் நோட்டில் கையெழுத்துப் போட்டு, பட்டறைக்குக் கொண்டு வந்தாச்சு. டீச்சர் ஒரு வாரம் லீவு. ராஜபாளையத்தில் அவங்க அம்மாவுக்கு முடியலையாம்.

ஜூன் 12, வியாழன்

ஸ்டாண்டு முடிஞ்சது. அதுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். மிச்ச நேரம் என்ன செஞ்சேன்னு இங்கே எழுதி வைக்கேன், வேறு யார்கிட்டயும் சொல்ல முடியாது.

அளவெடுக்கும்போது அரிவாள் வாயில் பெருவிரலை வச்சு ஓட்டினேன். மொட்டை! வெண்ணெய் கூட அறுபடாது. எத்தனை வருஷமா இப்படிக் கிடக்கோ. கோவில் வரி வசூலிக்கத் தெரியுது, ரேடியோ செட்டு கட்டத் தெரியுது, சாமி கையில் இருக்கிற ஆயுதத்தை ஒருத்தனும் தொட்டுப் பாக்கலையே! எனக்குக் கோவம் வந்துட்டு. மாடன் கையில் மொட்டை அரிவாளா? சவத்த மூதிகளா.

சாணைக்கல்லைப் போட்டேன். துருவோடு சேர்த்து எடுத்தேன். முரட்டுக் கல்லில் ரெண்டு தடவை, நைசுக் கல்லில் நாலு தடவை, கடைசியில் எண்ணெய்க் கல்லில் கையாலேயே. முடிச்சதும் முழங்கையில் வச்சு இழுத்தேன். முடி சும்மா உதிர்ந்தது.

பேச்சிராஜ் நெஞ்சு ஞாபகத்துக்கு வரலையான்னு கேட்டா, வந்தது. சாமி இறங்கின நெஞ்சுதானே, அதை என்ன செய்யும்? அப்படித்தான் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன்.

ஜூன் 14, சனி

எண்ணெய்த் துணியில் சுத்திக் கொண்டு போய்ப் பாய்கிட்ட கொடுத்தேன். பதினோரு மணிக்கு ஆனையூரணிக்காரங்க அஞ்சு பேர் வந்தாங்க. அந்தத் துணிக்கு மேலேயே சிவப்புப் பட்டைச் சுத்திக் கயிறு கட்டினாங்க. கட்டினபிறகு கொடையன்னைக்கு சாமிதான் அவிழ்க்கணும், நடுவில் மனுஷக் கண்ணு படக்கூடாதாம். பாய் நோட்டில் கையெழுத்து வாங்கினார். டீச்சர் வரல. நல்லதாப் போச்சு. வந்திருந்தா அவிழ்த்துக் காட்டச் சொல்லிச் சண்டை போட்டிருப்பாங்க.

ஜூன் 22, ஞாயிறு

பேச்சிராஜ் பொஞ்சாதி கோமதித்தாய் கொடைக்கு அழைக்க வந்திருந்தா. வாய் ஓயாது அவளுக்கு. "இருபத்தோரு நாள் விரதம் உங்க மச்சினருக்கு, அண்ணே. ஆனா பட்டினி கிடக்கிறது நான். புதுப்பானை, புது அகப்பை, தனி அடுப்பு. நான் தும்மினாக் கூட சாமிக்கு ஆகாதாம்!" பொன்மணி, "ஏட்டி, சாமி விஷயத்துல விளையாடாத" என்று அதட்டினாள். கோமதி நாக்கைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. ஒரு வாளி முறுக்கு கொண்டாந்திருந்தா, நானே பாதியைத் தின்னுட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

எழுத முடியல. கையெல்லாம் அவன் ரத்தம்.

ஜூன் 25, புதன்

மதியக் கொடை. வெயில் மண்டையைப் பிளந்தது. மேளம் ஏறவும் பேச்சிராஜ் உடம்பு முறுக்கி, பட்டை அவன் பல்லாலேயே இழுத்து அவிழ்த்தான். அரிவாள் வெளியே வந்ததும் கூட்டமே "ஏ மாடா!" என்று அலறியது. அப்படி ஒரு மினுக்கம். எனக்குப் பெருமை. ஆமா, பெருமை! அந்த நிமிஷம் பொன்மணி காதில் சொல்லிரலாமான்னு கூட இருந்தது.

முதல் வெட்டு. இடது மார்பிலிருந்து நடுநெஞ்சு வரைக்கும் ஒரு கோடு. முதலில் வெள்ளையா இருந்தது. அப்புறம் திறந்துக்கிட்டது. குலவை போட்ட பொம்பளைகள் சத்தம் அப்படியே நின்னுட்டு. மேளக்காரன் மட்டும் பாக்காமல் அடிச்சுக்கிட்டு இருந்தான். பேச்சிராஜ் கண் என் பக்கம் திரும்பினது மாதிரி இருந்தது. கையைத் தாழ்த்துவான்னு நினைச்சேன். மறுபடி ஓங்கினான். ரெண்டாவது வெட்டு முதலாவதுக்குக் குறுக்கே விழுந்தது. சதை தொங்கினது. மூணாவதுக்குக் கை எழும்பல, முட்டி மடிஞ்சு மண்ணில் விழுந்தான்.

ஓடிப்போய் என் வேட்டியை அவிழ்த்து அவன் நெஞ்சில் அமுக்கினேன். சூடா, கொழகொழன்னு, விரலுக்குள்ளே பாய்ஞ்சது.

அப்போதான் நாட்டாமை கேட்டார்: "வீட்டுல யாரு சுத்தமில்லாம இருந்தது?"

அத்தனை தலையும் கோமதித்தாய் பக்கம் திரும்பியது. அவ புருஷனைப் பாக்க ஓடி வந்துக்கிட்டிருந்தா. ரெண்டு பொம்பளைகள் கொண்டையைப் பிடிச்சு இழுத்துக் கீழே தள்ளினாங்க. ஒருத்தி முகத்தில் மிதிச்சா. "வீட்டுக்கு விலக்காயிருந்துட்டு அடுப்படிக்குப் போனியாட்டி?" "இல்ல! சுத்தமாத்தான் இருந்தேன்! சுடலை சத்தியமா!" அவ அலறினது, அவனைத் தூக்கி வேனில் ஏத்தின பிறகும் கேட்டது.

நான் வேனில் அவன் நெஞ்சை அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். வாயைத் திறக்கல. எங்க ஊர் ஆஸ்பத்திரியில் முதலுதவி, பிறகு திருநெல்வேலி. முப்பத்தாறு தையல். எலும்பில் பட்டு நின்னதால் உயிர் தப்பிச்சதாம்.

ஜூன் 28, சனி

சத்திரத்துக்குப் போனேன். டீச்சருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு, ஆனா என் வேலைன்னு தெரியாது. "பாவம் அண்ணாச்சி உங்க மச்சினர், வெட்டு ரொம்ப ஆழமாமே" என்றாங்க. தலையாட்டினேன்.

அவங்க வெளியே போனதும் மைதீன் பாட்சா பாய் நோட்டை மூடி வச்சுட்டு மெதுவாச் சொன்னார்: "அண்ணாச்சி, நீங்க கொண்டாந்தீங்கள்ல, எண்ணெய்த் துணி. தூக்கினப்பவே அரிவா வாய் பட்டு ஒரு முழம் கிழிஞ்சு இருந்துச்சு. நாந்தான் திருப்பிச் சுத்திக் கொடுத்தேன். அல்லாவுக்குத் தெரியும், எனக்கு நாலு நாளா உறக்கமில்ல."

"வாயை மூடிக்கிட்டு இரும்வே" என்று அவர்மேல் விழுந்தேன். அந்த நல்ல மனுஷன்மேல். அவர் மறுபடி நோட்டைத் திறந்தார்.

ஜூலை 3, வியாழன்

நேத்து பேச்சிராஜை வீட்டுக்கு அனுப்பினாங்க. இன்னைக்குக் காலையில் கோமதித்தாயை ஆஸ்பத்திரியில் சேத்திருக்கு.

பொன்மணி அதைச் சொன்ன விதம்: "தம்பி கோவத்துல ரெண்டு போட்டுட்டான்."

போய்ப் பாத்தேன். ரெண்டா அது? இடது கை முழங்கைக்குக் கீழே ஒடிஞ்சிருக்கு. காதிலிருந்து ரத்தம் வடிஞ்சு காய்ஞ்சு கிடக்கு. முதுகில் விறகுக்கட்டை பட்ட தடம், கறுத்து, வரிசையா. தையல் போட்ட நெஞ்சை ஒரு கையால் பிடிச்சுக்கிட்டு மறு கையால் அடிச்சானாம். ஊர்க்காரங்க வாசலில் நின்னு பாத்திருக்காங்க. ஒருத்தன் கதவைச் சாத்திக் கொடுத்தானாம்.

என்னைப் பாத்ததும் கட்டிலில் எழும்பப் பாத்தா. "அண்ணே, நான் ஒண்ணும் செய்யலண்ணே. நீங்களாவது நம்புதீங்களா?"

"நம்புதேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நாயைவிடக் கேடுகெட்டவன் நான்.

ஜூலை 4, வெள்ளி

சொன்னா என்ன ஆகும்? அரிவாளைச் சாணை பிடிச்சேன்னு மட்டும் சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி மொட்டையா இருந்ததுன்னும் சொல்லணும். அப்போ இத்தனை வருஷமாக் கீறல் விழாதது எதனால? ஊரே கேக்கும். என்னை அங்கனயே வெட்டிப் போடுவாங்க. சத்திரத்தைக் கொளுத்துவாங்க.

சொல்லலேன்னா? அவ கை ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான். ஆனா ஆஸ்பத்திரியை விட்டுப் போனதும் திரும்பவும் அந்த வீடு, அந்த விறகுக்கட்டை. அடுத்த தடவை கையோட நிக்குமா?

முதலில் பேச்சிராஜ்கிட்ட சொல்லணும். அவன் அறியாமல் அடிச்சிருக்கான். தெரிஞ்சா அவளை விட்டுருவான்.

ஜூலை 6, ஞாயிறு

சொல்லிட்டேன்.

கயித்துக் கட்டிலில் படுத்திருந்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்திட்டு, அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு, பட்டறை, சாணைக்கல், முழங்கை முடி எல்லாத்தையும் ஒண்ணு விடாமல் சொன்னேன். அழுதேன். "மாப்ள, அந்தப் பிள்ளைமேல ஒரு குத்தமும் இல்லடா. எல்லாம் நான் செஞ்சது. என்னை அடி."

அவன் கூரையைப் பாத்துக்கிட்டே சொன்னான்: "எனக்குத் தெரியும் அத்தான்."

எனக்குப் புரியல.

"முத வெட்டு விழுந்ததும் தெரிஞ்சிட்டு, எவனோ சாணை பிடிச்சிருக்கான்னு. அது மொட்டைன்னு எங்கப்பாவுக்குத் தெரியும். அவரு சாகும்போது எங்கிட்ட சொன்னாரு. வேற ஒருத்தனுக்கும் தெரியாது. பாதியில நிறுத்தினா சாமி வரலேன்னுல்லா ஆயிரும்? அதான் ரெண்டாவதும் வெட்டினேன்."

"தெரிஞ்சுமா அவளை அடிச்ச?"

"பின்ன என்ன செய்யச் சொல்லுதீங்க? ஊரு காரணம் கேக்குது. அரிவா மொட்டைன்னு சொல்லவா? மூணு தலைமொறையா எங்க வீட்டுல ஆடுத சாமி. கோமதி தாங்கிக்கிடுவா."

தாங்கிக்கிடுவா.

அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்னு முழுசா ஞாபகம் இல்லை. அவன் தலைமுடியைப் பிடிச்சுக் கட்டிலிலிருந்து கீழே இழுத்தேன். வாயில் குத்தினேன். பல்லு என் விரலைக் கிழிச்சது. மறுபடி குத்தினேன். புண்பட்ட நெஞ்சுன்னு தெரியும், தெரிஞ்சேதான் மிதிச்சேன். நாலஞ்சு தையல் விட்டு ரத்தம் பனியனில் பரவினபோது எனக்கு நிம்மதியா இருந்தது. அதை மறைக்க மாட்டேன். நிம்மதியாத்தான் இருந்தது. அவன் கத்தவே இல்லை. கத்தினா ஆள் வரும், ஆள் வந்தா எதுக்குன்னு கேப்பாங்க.

வெளியே வந்து அடிபம்பில் கையைக் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

ஜூலை 8, செவ்வாய்

செவ்வாய்க்கிழமைன்னா கோவில் முன்னாடி ஊர் கூடும். போய் நின்னு சொல்லிட்டேன். நாட்டாமை, வரிக்காரங்க, பொம்பளைகள் எல்லாரும் இருந்தாங்க. "அரிவாளு மொட்டையாத்தான் இருந்தது. நாந்தான் சாணை பிடிச்சேன். கோமதித்தாய் மேல எந்தக் குத்தமும் இல்ல." பேச்சிராஜுக்கு முன்னமே தெரியும்ங்கிறதையும் சொன்னேன்.

பிறகு ஒருத்தன், "மொட்டையாம்லா! எங்க மாடன் அரிவா மொட்டையாம்லா!" என்று செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடிச்சான். அதோடு எல்லாரும். கீழே விழுந்த பிறகு உதைதான். விலா எலும்பு ரெண்டு போச்சு. கல் ஒண்ணு நெத்தியைப் பிளந்தது. நாட்டாமை "உயிரை எடுத்திராதீங்கலே" என்று சொன்னது மட்டும் கேட்டது. அவர் முடிவு என்ன தெரியுமா? சாமிதான் என் கையைப் பிடிச்சுச் சாணை பிடிக்க வச்சுதாம். வீட்டில் சுத்தம் குறைஞ்சதைக் காட்டிக் கொடுக்க!

சாயங்காலம் ரெண்டு வேனில் சத்திரத்துக்குப் போயிருக்காங்க. கண்ணாடி அலமாரி எல்லாம் தூள். மரக்கால், பித்தளைச் செம்பு, தறிநாடா, ஓலைப்பெட்டி எல்லாத்தையும் வெளியே எறிஞ்சு மிதிச்சாங்களாம். பாய் நோட்டை நெஞ்சோடு கட்டிக்கிட்டு நின்னிருக்கார், அவர் கையிலும் ஒரு கம்படி.

ஜூலை 10, வியாழன்

டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. உக்காரல.

"எண்ணெய்த் துணியால தொடைங்கன்னு சொன்னேன். அது மட்டும்தான் சொன்னேன். இருநூத்திப் பன்னெண்டு சாமான், ஒவ்வொரு வீடாப் படியேறிக் கேட்டு வாங்கினது. இனி எந்த ஊர்க்காரன் எங்களை நம்பி ஒரு கரண்டியாவது கொடுப்பான்?" பையைத் தோளில் மாட்டிக்கிட்டாங்க. "இனிமே அங்க வராதீங்க அண்ணாச்சி."

அவங்க சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை.

ஜூலை 13, ஞாயிறு

விலாவில் கட்டோடு பஸ் ஏறி வாசுதேவநல்லூர் போனேன். கோமதித்தாய் அங்கே அவ அம்மா வீட்டில் இருக்கா. கைக்கட்டோட உக்காந்து ஒரு கையால் வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா.

எல்லாம் சொன்னேன். இந்தத் தடவை காலைப் பிடிக்கல, அழவும் இல்லை. அந்த உரிமை எனக்கு ஏது? அவ வெங்காயத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கிட்டே இருந்தா. பேச்சிராஜுக்குத் தெரிஞ்சேதான் அடிச்சான்னு சொன்னபோது மட்டும் கை நின்னது.

"ஊரு ஒத்துக்கிட்டுச்சாண்ணே?"

"இப்போ பாதிப் பேரு ஒத்துக்கிடுதாங்க."

"அப்போ பாதிக் கை சேந்துருமா?"

காதைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பேசுதா. இடது காது கேக்கலையாம்.

கிளம்பும்போது கேட்டா: "நான் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கப் போறேன். உங்ககிட்ட அவரு தன் வாயாலயே சொன்னாருல்லா. வந்து சொல்லுவீங்களா?"

"வாரேன்" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

பொன்மணி: "கூடப்பிறந்தவன ஜெயிலுக்கு அனுப்பிட்டு இந்த வீட்டுல எனக்கு என்ன வேல?"

"அவன் செஞ்சது உனக்குச் சரின்னு படுதா?"

"புருஷன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்கும். முதல்ல உங்க கை சும்மா இருந்திருந்தா இவ்வளவும் நடந்திருக்குமா?"

கையிலிருந்த டம்ளரைச் சுவரில் எறிஞ்சேன். அவ அசையல. "எறியுங்க. அடுத்தது என் மண்டைதானே?" என்றா. நான் ஒரு நாளும் அவளை அடிச்சதில்லை. ஆனா கேட்டுட்டாளே.

சாயங்காலம் சிவகிரியில் அவ சித்தி வீட்டுக்குப் போயிட்டா.

ஜூலை 17, வியாழன்

மகளிர் காவல் நிலையம். கோமதித்தாயும் அவ அம்மாவும் எனக்கு முன்னாடியே வந்து பெஞ்சில் இருந்தாங்க. மைதீன் பாட்சா பாயும் வந்திருந்தார், நான் கூப்பிடவே இல்லை. அரிவாள் எந்தத் தேதியில் எந்த நிலையில் வந்தது, யார் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனது எல்லாம் இருக்கிற அந்த நோட்டைக் கொண்டு வந்திருந்தார்.

என் வாக்குமூலத்தை நானே எழுதினேன். சாணை பிடிச்சது, ஆறாம் தேதி பேச்சிராஜ் சொன்னது, அன்னைக்கு அவனை நான் அடிச்சது. அதுக்கு என்மேல் தனி வழக்கு வருமாம், வரட்டும். எழுதி முடிச்சதும் போலீஸ் அம்மா சத்தமாப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. படிச்சேன். "...விரதம் முழுவதும் சுத்தமாக இருந்த, எந்தக் குற்றமும் செய்யாத தன் மனைவியை, விறகுக்கட்டையால் அடித்துக் கையை ஒடித்ததாக என்னிடம் ஒப்புக்கொண்டான்..."

"அங்கன நிறுத்துங்கண்ணே."

கோமதித்தாய் நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கிட்டு எழும்பி வந்தா.

"சுத்தமா இருந்தேன்னு எதுக்கு எழுதுதீங்க?"

"உண்மைதானம்மா. ஊரெல்லாம் சொன்ன பழி போகணும்லா."

"அன்னைக்கு நான் விலக்காகி, சொல்லாம அடுப்படிக்குப் போயிருந்தேன்னு வைங்க. அப்போ அவரு என்னை அடிச்சது சரியா?"

எழுதிக்கிட்டிருந்த போலீஸ் அம்மா பேனாவை நிறுத்திட்டாங்க. மூணு வாரமா நான் மண்டையை உடைச்சுக்கிட்டது எல்லாம் இவ சுத்தம்னு நிரூபிக்கத்தான். உதை வாங்கினதும் அதுக்குத்தான்.

"பொஞ்சாதியை அடிச்சான்னு மட்டும் எழுதுங்க, போதும்" என்றா.

சுத்தம், குற்றம்னு எழுதியிருந்த அந்த ஒன்றரை வரியை அடிச்சு, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி முதலிலிருந்து படிச்சேன். அவ தலையாட்டினா. கீழே பெரிய கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துட்டு வந்தேன்.